ஐம்பத்தெட்டு

நவம்பரில் எண்ணெய்க் காகிதம் சுற்றி, வரிசை குலையாமல் அடுக்கி அனுப்பிய சரக்கு, பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை குப்பை அள்ளிக் கொட்டிய மாதிரி ஒரு மரப்பெட்டியில் திரும்பி வந்தது. அறுநூறு பேரிங் வளையங்கள் போனதில் இருநூறு வந்திருந்தன. எல்லாம் எவர்சில்வர். துருவே பிடிக்காது என்று சொல்லி விற்ற சாமான். இப்போது ஒவ்வொன்றின் முகத்திலும் அம்மை வார்த்த மாதிரி செம்புள்ளி.

ஜெனவீவ் ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்து, கடினம் பார்க்கும் மிஷினில் வைத்துக் கைப்பிடியை இழுத்தாள். வைர முனை இறங்கி அமுக்கியது. வாங்கியவன் கேட்டிருந்த ஐம்பத்தெட்டிலேயே முள் ஓடி நின்றது. அடுத்ததும் ஐம்பத்தெட்டு. பதினோரு வளையம் பார்த்தாள். ஒன்று ஐம்பத்தேழரை, மற்றதெல்லாம் ஐம்பத்தெட்டு.

“எவ்வளவு?” என்று பின்னாலிருந்து கேட்டான் நார்பர்ட். அவன்தான் போர்மேன். அவளுக்கு எட்டு வயது இளைய தம்பி.

“அம்பத்தெட்டு.”

“பாத்தியா. எண்ணு நிக்குது.”

“எண்ணு நிக்குது நார்ப். சாமான்தான் நிக்கல.”

“அவனுங்க உப்புத் தண்ணியில ஊறப் போட்டிருப்பானுங்க.”

“மீன் கழுவற மிஷினுக்கு வாங்கினவன் வேற எதுல போடுவான், பால்லயா?”

நார்பர்ட் சிரிக்கவில்லை. ஒரு வளையத்தைக் கையில் எடுத்தான், சுட்ட மாதிரி உடனே பெட்டிக்குள் போட்டுவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே போனான்.

ஏரிக்கரை ஊரான ஈரியின் பன்னிரண்டாம் தெருவில் இருந்த அந்தப் பட்டறையில் உருக்கைச் செய்வதும் இல்லை, கடைவதும் இல்லை. யாரோ கடைந்து அனுப்பும் பல்சக்கரங்களையும் பேரிங் வளையங்களையும் உலையில் ஏற்றி இறக்கி, பதம் பண்ணித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. தகதகவென்று காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் உருக்கு கண்ணாடி மாதிரி கடினமாகும். கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் போட்டு அதன் முறுக்கைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். இதற்கு டெம்பர் என்று பேர். எவர்சில்வர் வளையத்துக்கு அந்த இளஞ்சூடு ஃபாரன்ஹீட் கணக்கில் முந்நூற்றைம்பது டிகிரி. அதை விட்டுத் தொள்ளாயிரத்தைம்பதில் போட்டாலும் எண் என்னவோ அதே ஐம்பத்தெட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். இதுதான் அந்த உருக்கின் களவாணித்தனம். உள்ளே துருவுக்குக் காவல் நிற்பது குரோமியம். அத்தனை சூட்டில் அது கரியோடு கூட்டு சேர்ந்துகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். காவல்காரன் தூங்குகிறான் என்பது கடினம் பார்க்கிற மிஷினுக்குத் தெரியாது. உப்புத் தண்ணீருக்குத்தான் தெரியும்.

மிஷினுக்குத் தெரியாதது ஜெனவீவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நவம்பரில் அந்த வெள்ளிக்கிழமை, கூடையின் உச்சியில் ஒரே ஒரு வளையம் பழுப்பாக இருந்தது. மணல் அடித்துச் சுத்தம் செய்த மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்க, அது மட்டும் தேநீர்க் கறை மாதிரி. முந்நூற்றைம்பதில் அந்த நிறம் வராது. பதினாலு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருப்பவளுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நார்பர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினாள். “மணல் அடிக்க விட்டுப்போச்சு. எண்ணு சரியா வருதா? வருதில்ல, அனுப்பு. லாரி நிக்குது,” என்றான். அவளும் அந்த ஒன்றை மணல் அடிக்க அனுப்பிவிட்டு, அறுநூறுக்கும் சேர்த்து அட்டையில் முத்திரை குத்தினாள்.

பெட்டி திரும்பி வந்த அன்று மூன்று மணிக்கு மத்தியான ஷிப்டுக்கு வந்த உலைக்காரனை, சாப்பாட்டு டப்பாவைக்கூட வைக்கவிடாமல் மானேஜர் ஹால்ஸ்டெட்டின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உலைக்காரன் ஃப்ளோரியன், ஜெனவீவின் புருஷன்.

மேஜை மேல் இரண்டு தாள் இருந்தன. ஒன்று உலையின் சூட்டைத் தானே கோடு போட்டுக்கொள்ளும் வட்டத்தாள். அதில் அந்த நவம்பர் வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் பேனா தொள்ளாயிரத்தைம்பதில் வளைந்து ஓடியிருந்தது. இன்னொன்று வேலை அட்டை. அதில் முந்நூற்றைம்பது என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே ஃப்ளோரியன் தன் கையால் முந்நூற்றைம்பது என்றே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். அப்படி எழுதுவதுதான் அங்கே வழக்கம். உலை முன்னே பின்னே ஓடினாலும் அட்டை சுத்தமாக இருக்க வேண்டும். போர்மேன் வாயால் சொல்வது எந்தத் தாளிலும் ஏறாது.

“சின்ன உலையில கம்பி எரிஞ்சுபோச்சு. பெரிய உல வேற சரக்குக்குத் தொள்ளாயிரத்தைம்பதுல ஓடிட்டிருந்துச்சு. அதுலயே போடு, எண்ணு அதேதான் வரும்னு நார்பர்ட் சொன்னான். போட்டேன்,” என்றான் ஃப்ளோரியன்.

“நான் அட்டையில இருக்கறபடி போடச் சொன்னேன்,” என்றான் நார்பர்ட்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். பதினெட்டு வயதில் வேலைவெட்டி இல்லாமல் திரிந்த நார்பர்ட்டைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பட்டறையில் சேர்த்தவனே ஃப்ளோரியன்தான். இருபத்தேழு வருஷத்து உலைக்காரனை, மூன்று வாரம் கழித்து விசாரணை, அதுவரை வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

யூனியன் பிரதிநிதி ஃபரினா வெளியே வந்து, புகைந்துகொண்டிருந்த சிகரெட்டாலேயே அவனைக் குத்துகிற மாதிரி நீட்டிப் பேசினார். “அட்டையில நீயே பொய் எழுதி வச்சிருக்க. நான் எத வச்சுச் சண்ட போடறது? நார்பர்ட்டுக்கு இது தெரியும்னு சொல்ல எனக்கு ஒரு வாய் வேணும். ஒரே ஒரு வாய். இருந்தா உன்ன உள்ள கூட்டிட்டுப் போயிருவேன். இல்லேன்னா போச்சு.”

ஜெனவீவும் ஃப்ளோரியனும் இருந்த வீடு கிழக்குப் பக்கம், மாதா கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மகள்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில் இருந்தார்கள். பதினோரு வருஷமாக அவளுக்குக் காலை ஷிப்டு, அவனுக்கு மத்தியான ஷிப்டு. அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் கிளம்பும்போது அவன் குறட்டை விடுவான். வாரத்தில் ஐந்து நாள் அந்தப் புருஷன் பெண்சாதி பேசிக்கொண்டது வாயால் இல்லை, சாமானால். காலிப் பால்குடுவை மேஜை நடுவில் நின்றால் பால் வாங்கி வா என்று அர்த்தம். எரிந்துபோன பல்பு அவன் நாற்காலியில் கிடந்தால் மாற்று என்று அர்த்தம். அடுப்புக்குள் மூடிய தட்டு இருந்தால் வீட்டில் சமாதானம். இல்லையென்றால் சண்டை. ஊரில் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிற தம்பதிகள் உண்டு. இவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில் இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவள் முட்டைக்கோசையும் வெங்காயத்தையும் வதக்கி, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டி வைத்தாள்.

“உப்பு ஜாஸ்தி,” என்றான் அவன்.

“பதினோரு வருஷமா இதே உப்புதான்.”

“ஆறிப்போனா தெரியாது போல.”

பகலெல்லாம் அவன் வீட்டில் இருந்த கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். முனகாத கீல்களுக்கும் விட்டான். மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டான். பின்கதவுக்கு நீலப் பெயிண்ட் வேண்டாம், இந்தக் குளிருக்கு உரிந்து வந்துவிடும் என்று இரண்டு வருஷம் முன்னால் அவன் சொல்லியும் அவள் நீலமே அடித்திருந்தாள். சொன்ன மாதிரியே உரிந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டு அரைநாள் நின்றான். யார் என்ன சொன்னாலும் தன் இஷ்டத்துக்குச் செய்கிறவள் என்று ஜெனவீவுக்குத் தெருவில் பெயர். அவள் அம்மா இருந்தவரை, “இவளக் குளத்துல தள்ளணும்னா கரையில நில்லுன்னு சொன்னாப் போதும்,” என்பாள்.

அந்த வருஷம் ஏரி உறையவே இல்லை. உறைந்துவிட்டால் வானம் வாயை மூடிக்கொள்ளும். உறையாத ஏரி, வருகிற காற்றுக்கெல்லாம் ஈரத்தை வாரிக் கொடுக்க, ஊரின் மேல் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் வழித்த வாசல் மத்தியானம் காணாமல் போனது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் பொரிப்பார்கள். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று இருவரும் போனார்கள். நீள மேஜையில் பொரித்த ஏரிமீனும் பீருமாக உட்கார்ந்திருந்த வால்டர், பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றவன், இவர்கள் உட்காருவதற்குள் ஆரம்பித்தான்.

“என்ன ஃப்ளோரியன், ரொட்டியக் கருக்கிட்டியாமே.”

“நீ இருந்தப்ப உலையில உருளக்கெழங்கு சுட்டவன்தான?”

“சுட்டேன். ஆனா வெந்ததா வேகலையான்னு எனக்குத் தெரியும். நெருப்புக்குக் காவல் நிக்கற சாமி பேர வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா நீ?”

மேஜையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஃப்ளோரியனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஜெனவீவுக்குப் பொறுக்கவில்லை.

“வால்டர், முள்ளப் பாத்துத் தின்னு. தொண்டையில மாட்டினா எடுக்க ஆள் இல்ல,” என்றாள்.

“நான் தமாஷுக்குச் சொன்னேன் ஜென். ஆனா ஒண்ணு. உன் தம்பி சொல்றதும் உன் புருஷன் சொல்றதும் ஒண்ணா நெசமா இருக்க முடியாதே. நீதான் உள்ளேயே இருக்க. உனக்குத் தெரியாமலா?”

அவள் மீனை மென்றாள். மெல்ல மெல்ல அது பெருகிக்கொண்டே போனது.

மறுநாள் சனிக்கிழமை காலை, ஃப்ளோரியன் பெயிண்ட் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து நார்பர்ட் வந்தான். கையில் கசகசா ரொட்டி. பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வாசலிலேயே நின்றான். காலடியில் பனி உருகித் தேங்கியது.

“உக்காரு. என்ன விருந்தாளியா நீ.”

“உக்கார வரல. புதன்கிழம விசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க. முத்திர உன்னதாச்சே.”

“தெரியும்.”

“அந்தப் பழுப்பு வளையம் பத்தி யாராவது கேட்டாங்களா?”

“யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

“அதான் சொல்றேன். கேக்காததச் சொல்ல வேணாம்.”

அவள் கத்தியை எடுத்து ரொட்டியை அறுத்தாள். யாருக்கும் பசியில்லை, ஆனாலும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“நீ சொன்னியா இல்லையா நார்ப்? தொள்ளாயிரத்தைம்பதுல போடச் சொன்னியா?”

“சொன்னேன்.” அவன் குரல் இறங்கியது. “வெள்ளிக்கிழம லாரி வருது. சின்ன உல செத்துக் கெடக்கு. சரக்கு ஏறலேன்னா ஹால்ஸ்டெட் என்னைத் தின்னுடுவாரு. எண்ணு அதேதான் வரும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. துரு விஷயம் எனக்குத் தோணவே இல்ல ஜென். சத்தியமா தோணல.”

“அத அங்க சொல்லேன்.”

“சொன்னா அன்னிக்கே வெளியில. ஃப்ளோரியனுக்கு யூனியன் இருக்கு, வாதாட ஃபரினா இருக்காரு. போர்மேனுக்கு யாரு இருக்கா? நாலு பிள்ளைங்க எனக்கு. அவனுக்கு வயசு அம்பத்தஞ்சு, இன்னும் எத்தன வருஷம் உலைகிட்ட நிக்கப் போறான்?”

“அவன்தான் உன்ன அங்க கொண்டுபோய்ச் சேத்தான்.”

“அதச் சொல்லிச் சொல்லியே கொல்லுங்க எல்லாரும்.”

ஒரு துண்டு ரொட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்ட வந்தானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதற்கு அடுத்த நிமிஷமே, பனியில் குனிந்து நடந்த அவன் முதுகைப் பார்த்து அழுகையும் வந்தது. அம்மா செத்தபோது அவனுக்குப் பதினோரு வயது. அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்ததெல்லாம் இவள்தான்.

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்ததும் இருவரும் மண்வெட்டியை எடுத்தார்கள். இரவில் இரண்டடி விழுந்திருந்தது. ஃப்ளோரியன் நீளக்கோலில் பலகை கட்டிய வாரியால் கீழே நின்றபடியே கூரைப் பனியை இழுத்தான். அது தொம் தொம்மென்று விழ, விழுந்ததை ஜெனவீவ் வாரி ஓரத்தில் எறிந்தாள். மூச்சு இரண்டு பேருக்கும் புகையாக வந்தது. நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்குப் பேச்சு வந்தது.

“ஃப்ளோரியன்.”

“ம்.”

“அன்னிக்குக் கூடையில ஒரு வளையம் பழுப்பா இருந்துச்சு. மேலயே இருந்துச்சு.”

வாரி நின்றது. கூரையிலிருந்து கொஞ்சம் பனி தானாகச் சரிந்து அவன் தோளில் விழுந்தது. அவன் தட்டிவிடவில்லை.

“பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

“பாக்கலேன்னுல்ல இத்தன நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“உனக்கு எப்படித் தெரியும் அது?”

“நான்தான் வச்சேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் வாரியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் சாய்ந்துகொண்டு சொன்னான். “உலையிலேருந்து எடுத்தப்ப எல்லாம் அந்த நெறம்தான். மணல் அடிச்சா வெள்ளையாயிடும், ஒருத்தருக்கும் தெரியாது. ஒண்ண மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு மிச்சத்த அடிக்கச் சொன்னேன். அந்த ஒண்ணக் கொண்டாந்து கூடை உச்சியில வச்சேன். காலையில மொதல்ல உன் கைதான் அதத் தொடும்.”

“எதுக்கு?”

“பால்குடுவைய மேஜ மேல வைக்கறது எதுக்கு?”

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். “வாயத் தொறந்து சொன்னா என்ன? எழுப்பி ஒரு வார்த்த சொன்னா நான் கடிச்சா தின்னுடுவேன்?”

“உன் தம்பியப் பத்தி உங்கிட்டயா? அவன போர்மேன் ஆக்கினப்ப, இவனுக்கு உலையப் பத்தி ஒரு எழவும் தெரியாதேன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னேன். ஏழு வாரம் அடுப்புக்குள்ள எனக்குத் தட்டு இல்ல.”

“அது ஆறு வருஷம் ஆச்சு.”

“ஆச்சு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல அவன் பேர நான் எடுத்திருக்கேனா? அதான் வளையத்த வச்சேன். நீ பாப்ப, நிறுத்துவ, அவன்கிட்ட நீயே பேசிக்குவ, எனக்கு ஒரு பொல்லாப்பும் இல்லன்னு.”

“நிறுத்தலியே நான். நார்ப்பக் கூப்பிட்டுக் காட்டினேன். மணல் அடிக்க விட்டுப்போச்சு, எண்ணு சரியா இருந்தா அனுப்புன்னான். அத மணல் அடிக்க அனுப்பிட்டு முத்திர குத்திட்டேன்.”

ஃப்ளோரியன் சிரித்தான். கோயில் கூடத்தில் சிரித்ததைவிட அது மோசமாக இருந்தது. “நல்ல குடும்பம்டா இது,” என்றான்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் மண்வெட்டியோடு வந்து, “இன்னும் ஒரு அடி இருக்காம்,” என்று வானத்தைக் காட்டினார். இருவரும் அவருக்குக் கை காட்டினார்கள். அவர் போகிறவரை வேலை செய்தார்கள்.

“புதன்கிழம நான் சொல்லிடறேன்,” என்றாள் ஜெனவீவ். “பாத்தேன், நார்ப்கிட்டக் காட்டினேன், அவன் அனுப்பச் சொன்னான். இவ்வளவுதான். ஃபரினா ஒரு வாய் போதும்னாரில்ல.”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“பழுப்பாப் பாத்தும் முத்திர குத்தினேன்னு சொல்றவள வச்சிருப்பாங்களா? நான் உள்ள போவேன், நீ வெளில வருவ. இல்லேன்னா ரெண்டு பேரும் வெளில. என் சர்க்கர ஊசிக்கு இன்சூரன்ஸ் வேணும். யாராவது ஒருத்தர் அங்க இருக்கணும்.”

“நான் வேற எடத்துல வேல தேடிக்குவேன்.”

“அம்பத்தோரு வயசுல? பன்னெண்டாம் தெருவுல பாதி பட்டறைக்குப் பூட்டு போட்டாச்சு.” அவன் திரும்பிக் கூரையைப் பார்த்து வாரியைத் தூக்கினான். “சொல்லாத ஜென். ஒண்ணும் சொல்லாத.”

கூரையில் பனி தீர்ந்த பிறகும் வெறும் ஓடுகளின் மேல் இரண்டு தரம் வாரியை இழுத்தான்.

திங்களும் செவ்வாயும் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். நார்பர்ட் அவள் அறைப்பக்கமே வரவில்லை, அட்டைகளை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினான். பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக வைத்து எண் பார்க்கும்போதெல்லாம் அவள் மனதுக்குள் அந்த மூன்று வாக்கியமும் ஓடின. பாத்தேன். காட்டினேன். அனுப்பச் சொன்னான். தம்பி போவான். தானும் போகலாம். ஆனால் ஃப்ளோரியன் தலை நிமிர்ந்து உள்ளே போவான், அட்டையில் பொய் எழுதிச் சரக்கைக் கெடுத்தவன் என்ற பேர் அவனுக்கு இருக்காது. சர்க்கரை ஊசியை அவன் யூனியன் பார்த்துக்கொள்ளும். சொல்லிவிடுவது என்றே செவ்வாய்க்கிழமை சாயங்காலம்வரை முடிவு பண்ணியிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது ஃப்ளோரியன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

“நாளைக்கு ஒண்ணும் சொல்லமாட்டல்ல?”

“நீ என்ன சொல்ற?”

“சொல்லாதங்கறேன்.”

சரி என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஹால்ஸ்டெட்டின் அறையில் ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அன்றும் பனி. ஃப்ளோரியன் கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். உலையின் தீக்காய வடுக்கள் இருந்த கைகளை முழங்காலில் வைத்திருந்தான். எதிரே நார்பர்ட். ஃபரினா தாள்களைப் புரட்டி, சின்ன உலை பழுதானது உண்மை, லாரி அவசரம் உண்மை, இருபத்தேழு வருஷத்தில் இவன் மேல் ஒரு புகார் கிடையாது என்பதும் உண்மை என்றெல்லாம் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் ஹால்ஸ்டெட் தலையாட்டினார். பிறகு அட்டையை எடுத்துக் காட்டினார்.

“இந்தக் கையெழுத்து உங்களுதுதானே ஃப்ளோரியன்?”

“என்னுதுதான்.”

“இதுல முந்நூத்தைம்பதுன்னு எழுதியிருக்கீங்க.”

“அங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்.”

“எல்லாரும் இப்ப இங்க இல்லயே.”

ஃபரினா ஜெனவீவைப் பார்த்தார். “நான் ஒண்ணு கேக்கணும். ஜெனவீவ், அந்தச் சரக்க நீங்கதான் பாத்தீங்க. எண்ணு என்ன?”

“அம்பத்தெட்டு.”

“அதத் தவிர? அந்தக் கூடையில, அன்னிக்கு, வித்தியாசமா எதாவது உங்க கண்ணுல பட்டுச்சா? யாருகிட்டயாவது எதாவது கேட்டீங்களா?”

அவர் கேட்ட தினுசிலேயே தெரிந்தது, அவருக்கு ஏதோ வாடை அடித்திருக்கிறது. வாயைத் திறந்தால் மூன்று வாக்கியம். அவள் முதலில் தம்பியைப் பார்த்தாள். அவன் உதடு வெளுத்திருந்தது. பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் சாம்பல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். ஜன்னல் பக்கம் வெந்நீர்க் குழாய் கடகடவென்று தட்டியது. அவன் நிமிரவில்லை.

“இல்ல. எண்ணு சரியா வந்துச்சு. முத்திர குத்தினேன்,” என்றாள்.

ஃபரினா தாள்களை அடுக்கி மூடினார். நார்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் பத்து நிமிஷம்தான் ஆனது. வேலையிலிருந்து நீக்கம், அட்டையில் பொய்யாக எழுதியதற்காக. பெட்டியில் இருக்கும் சாமான்களை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு என்று ஹால்ஸ்டெட் மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜெனவீவ் கோட்டைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். ஃப்ளோரியன் வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கையில் தோல் கையுறைகளும் உலைக்கண்ணாடியும் போட்ட காகிதப் பை. அவள் கூப்பிட்டதும் நின்றான். திரும்பவில்லை.

“நீ சொல்லுவேன்னு நெனச்சேன்,” என்றான்.

அவளுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. “நீதான சொல்லாதன்ன?”

“ஆமா. சொன்னேன்.”

“ரெண்டு தடவ சொன்ன. நேத்திக்கும் சொன்ன.”

“சொன்னேன்.” இப்போது திரும்பினான். அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷம் ஆச்சு ஜென். நான் சொன்னது ஒண்ணையாவது நீ கேட்டிருக்கியா? இத மட்டும் ஏன் கேட்ட?”

பனி விழுந்து அவள் உதட்டில் கரைந்தது. ஊசிக்காக என்று சொல்லலாம், இன்சூரன்சுக்காக என்று சொல்லலாம். நார்பர்ட்டின் வெளுத்த உதட்டுக்காக என்பதைத்தான் சொல்ல முடியாது. அவன் கேட்டதற்கு அதுதான் பதில் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. பிறகு பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, பன்னிரண்டாம் தெருவில் இறங்கிப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தான்.

பட்டறையில் சங்கு ஊதியது. அவள் உள்ளே போனாள்.